சரளை

பஞ்சாங்கம் மாதிரி தடிமனான புத்தகம்.
ஆண்டுவாரியாகப் பரிந்துரைக்கப்பட்டவர்கள், வென்றவர்கள்.
வென்ற பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு நட்சத்திரம்,
சோற்றில் கிடக்கும் கல் போல.

எழுபத்தெட்டில் சிறந்த நடிகைக்கு ஐந்து பேர்.
நட்சத்திரம் ஏட்ரியன் வாஸுக்கு.
கணவனைப் புதைத்துவிட்டு
காத்திருக்கும் காரில் ஏறாமல்
நடந்தே வீடு திரும்புவாள், கடைசி நான்கு நிமிடம்.
வசனம் இல்லை. இசை இல்லை.
‘அவள் காலே அழுகிறது’ என்று
மறுநாள் பத்திரிகையில் எழுதினார்கள்.

அந்தக் கால் ஏட்ரியனுடையது அல்ல.

படப்பிடிப்பன்று ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது.
ஒலிநாடாவில் அவள் நடை
லாரிக்கு அடியில் போன எறும்பு.
பர்பேங்கில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில்
அவளுக்காக நடந்தவள் ஓப்பல் ஜெர்னிகன்.
நாற்பத்தாறு வயது. வளையல் கிடையாது, சாவிக்கொத்து கிடையாது,
காலி வயிறும் கிடையாது:
இரைந்தால் மைக்கில் விழும் என்று
இரண்டு வாழைப்பழம் தின்றுவிட்டுத்தான் வருவாள்.
மரப்பெட்டி நிறையச் சரளை,
அடியில் நனைத்த செய்தித்தாள்.
மைக்கைப் பிடித்திருந்தவன் நான்.

முதல் தடவை நறநறவென்று வந்தது.
“இவ கோபக்காரி,” என்று நிறுத்திவிட்டாள்.
அடுத்தது சரசர. “இவளுக்கு பஸ் பிடிக்கணும்.”
ஆறாவதில், “வேண்டாம், இவ அழுது முடிச்சிட்டா.”
பிறகு கேட்டாள்:
“மெல், அந்தப் புருஷன் கட்டில்ல எந்தப் பக்கம் படுப்பான்?”
எனக்கு எப்படித் தெரியும்?
இடது பக்கம் என்று தானே முடிவு செய்து
இடது காலை மட்டும்
அரை நொடி தாமதமாக வைத்தாள்.
பதினோராவது தடவை அது.
ஹெட்போனைக் கழற்ற மனம் வரவில்லை எனக்கு.

விழா இரவு. வாடகைக் கோட்டு.
இருபத்தெட்டாம் வரிசை, தூணுக்குப் பின்னால்.
ஒலிக்கான ஐந்து பேரில் நானும் ஒருவன்.
பைக்குள் நாலாய் மடித்த தாள்,
அதன் மூன்றாவது வரியில் ஓப்பல்.
அவள் செய்யும் வேலைக்குப் பட்டியலே கிடையாது,
அந்த வரி ஒன்றுதான் இடம்.
உறையைக் கிழித்தார்கள்.
போர்ப்படம்.
அத்தனை வெடிகுண்டுக்கு முன்னால்
ஒரு பெட்டிச் சரளை என்ன செய்யும்?
கைதட்டினேன். காமிரா திரும்பியிருந்தது,
அதனால் நன்றாகவே தட்டினேன்.

கடைசியில் ஏட்ரியன்.
எழுந்தாள், மேடைக்கு நடந்தாள்.
தரை முழுக்கக் கம்பளம். பொட்டுச் சத்தமில்லை.
இத்தனை பேர் பார்க்க
பிறவியிலேயே கால் இல்லாதவள் மாதிரி மிதந்து போனாள்.
இயக்குநருக்கு நன்றி, அம்மாவுக்கு, ஆண்டவனுக்கு,
அவள் நாய்க்கு.
குறை சொல்லவில்லை. அவளுக்கு யார் சொன்னார்கள்?
தன் கால் என்றே நம்பியிருப்பாள்.
பிரிவ்யூ பார்த்தபோது
ஒரு நிமிடம் நானே நம்பினேன்.

நள்ளிரவு தாண்டி ரெசீடாவுக்கு ஓட்டிப் போனேன்.
இரண்டாம் மாடி. சமையலறையில் விளக்கு எரிந்தது.
ஓப்பலிடம் இருந்த ஒரே ஜோடி உயர்ந்த செருப்பு
லினோலியத்தின் மேல் ஒன்று நின்றபடி, ஒன்று சாய்ந்தபடி.
“டிவி பார்த்தியா?”
“சத்தத்தைக் குறைச்சிட்டுப் பார்த்தேன்.
ஒன்பது படி. ஏழாவதில கவுனை மிதிச்சா, கவனிச்சியா?
அதை மட்டும் ரெண்டு தடவை போட வேண்டியதாப் போச்சு.”
கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால்
கூரையை இடித்தாராம். அதையும்
தாளம் பிசகாமல் விரலால் மேஜையில் தட்டிக் காட்டினாள்.

சிரித்துக்கொண்டே கோட்டைக் கழற்றி
நாற்காலி முதுகில் போட்டேன்.
பைக்குள் தாள் மொறுமொறுத்தது.
“என்ன அது?” என்றாள் உடனே.
காது அப்படி.
“ரசீது,” என்றேன். “கோட்டுக்கு.”