999

ஆற்றுக்கென்று ஒரு கட்டம்
அந்தப் படிவத்தில் இல்லை.
பதிவான பிள்ளைகள், வந்த பிள்ளைகள்,
கழிப்பறை, கிணறு, கரும்பலகை,
பயிற்சி பெற்ற ஆசிரியர்:
எல்லாவற்றுக்கும் உண்டு.

கலும்பி பள்ளியை
பிப்ரவரியில் ஷீரே நதி
கூரையோடு கொண்டுபோனது.
சாலை போயிற்று. பாலம் போயிற்று.
தலைமையாசிரியர் பிளாண்டயரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

எண் தெரியாத இடத்தில்
999 என்று இட வேண்டும்.
திறன் வளர்ப்புப் பயிற்சியில் சொல்லித்தந்தது அதைத்தான்.
மூன்று நாள், விடுதிச் சாப்பாடு,
முடிவில் சான்றிதழ்.
என் பெயர் எனெலெசி;
சான்றிதழில் இருப்பவள் எனெசி.

இட்டேன்.

லிலோங்வேயில் இருக்கும் கணினிக்கு
அந்தப் பயிற்சியை யாரும் கொடுத்திருக்கவில்லை.

ஆகஸ்டில் ஆண்டறிக்கை வந்தது,
பளபளக்கும் தாளில்.
பக்கம் நாற்பத்திரண்டில்
மற்ற மாவட்டங்கள் எல்லாம் புல்லாக முளைத்திருக்க
எங்கள் மாவட்டம் மட்டும்
தாளின் மேல்விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது.
பக்கத்திலேயே பெட்டிச் செய்தி:
ஆசிரியர் பற்றாக்குறையை வென்ற மாவட்டம்.
அதிகாரி அதை வெட்டிச் சுவரில் ஒட்டினார்.
நான் வாயைத் திறக்கவில்லை.
டிசம்பரோடு என் ஒப்பந்தம் முடிகிறது.

ரகசியம் கேட்டு
இரண்டு வெள்ளை லேண்ட் குரூசர்கள் வந்தன.
ஓஸ்லோவிலிருந்து இங்க்வில்ட்,
அமைச்சகத்திலிருந்து கம்வெண்டோ,
படமெடுக்க ஒரு பையன்,
வழிகாட்ட நான்.
கடைசி நான்கு கிலோமீட்டர் நடை.

ரயில் ஓடாத பழைய மேட்டில்
இருநூற்றுப் பதினொரு பிள்ளைகள்.
இடது தண்டவாளம் முதல் வகுப்பு.
வலது தண்டவாளம் இரண்டாம் வகுப்பு.
மூன்றாம் வகுப்பு சரிவில், சரளைக்கல்லில்.
நடுவே கட்டைக்குக் கட்டை தாவியபடி
அலுஃபேயோ.
வார் அறுந்த செருப்பைக் கம்பியால் முடிந்திருந்தார்.
முதல் வகுப்பு
கல்லை எடுத்து எடுத்து வீசி
கழித்தல் படித்துக்கொண்டிருந்தது.

மற்ற ஆசிரியர்கள் எங்கே என்றார் இங்க்வில்ட்.
அலுஃபேயோ திரும்பிப் பார்த்தார்,
முதுகுக்குப் பின்னால்
யாரேனும் வந்து நிற்கிறார்களோ என்று.

சொன்னேன்.

இங்க்வில்ட் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டார்.
கம்வெண்டோ கண்ணாடியைத் துடைத்தார்.
மாட்டிக்கொண்டு பார்த்தார். மறுபடி கழற்றித் துடைத்தார்.
பையன் கேமராவை இறக்கிவிட்டான்.
எங்களுக்கு என்னவோ ஆகிவிட்டதென்று
பிள்ளைகள் எழுந்து நின்று
ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள்.

நல்ல பெண்தான் இங்க்வில்ட், குறை சொல்ல மாட்டேன்.
அன்று வலது தண்டவாளத்தில்
அரைமணி நேரம் அவர்தான் டீச்சர்.
சுண்ணாம்புக்கட்டி நான்கு பெட்டி வாங்கி அனுப்பினார், தன் காசில்.
பாலத்துக்கு வேறு அலுவலகமாம்,
வேறு நாட்டுப் பணமாம்.
எண்ணைத் திருத்தச் சொல்லிவிட்டுப் போனார்.
திருத்தினார்கள்:
1.

மறு ஆகஸ்ட் வரை யாரும் பேசவில்லை.
பிறகு, இங்க்வில்ட் இல்லாத ஏதோ ஒரு மேசையிலிருந்து
கடிதம்:
"ஓராண்டில் உங்கள் மாவட்டம்
998 ஆசிரியர்களை இழந்துள்ளது.
காரணத்தை முப்பது நாளுக்குள் விளக்கவும்.
அதுவரை அடுத்த தவணை நிறுத்திவைக்கப்படுகிறது."

முந்தைய டிசம்பரில் ஆறு மாதம் நீட்டித்திருந்தார்கள் என்னை.
இதற்குப் பதில் எழுதவே
இன்னும் ஆறு மாதம் நீட்டித்தார்கள்.

ஏழு வரைவு எழுதியாயிற்று.
இல்லாதவர்கள் இல்லாமற்போனதை
அலுவல் மொழியில் எப்படிச் சொல்வது?
எழுதி எழுதி அவர்கள் எனக்குப் பழகிப்போனார்கள்.
ஒருத்தி இடதுகைக்காரி.
ஒருவனுக்கு ஓயாத இருமல்.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டுப் பேரும்
அக்கரையில், முழங்கால் வரை உடையைச் சுருட்டிக்கொண்டு,
வெள்ளம் வடியட்டும் என்று நிற்கிறார்கள்.

நேற்று அலுஃபேயோ போன் செய்தார்.
இரைச்சலில் பாதிதான் கேட்டது.
அவர்களில் ஒருவரை அனுப்பினால் போதுமாம்,
வலது தண்டவாளத்துக்கு.