ஒரு வருசம்

எந்த ஊர் போகவேணும் என்று
பஸ்காரன் சைகையில் கேட்டானாம்.
கேள்வி பாதி விளங்கி
சீனா என்றாளாம் அம்மம்மா.
அவன் சீனக்குடாவுக்கு
டிக்கெட் கிழித்துக் கொடுத்தானாம்.
இறங்கினால்
எண்ணெய்த் தாங்கிகள், பற்றைக்காடு,
ரெயில் கடவையில் ஒரு மாடு.
தகரப் பெட்டிக்குள் பல்லுப் பிடுங்கும் குறடு கிலுங்கக் கிலுங்க
ஆறு மைல் நடந்து பட்டினம் வந்தாளாம்.

இது பெரிய மாமா சொல்லும் கதை.
பஸ்ஸே இல்லை என்பாள் சின்னம்மா,
தாத்தாவின் சைக்கிளில்
துணி மூட்டைக்கு மேல் இன்னொரு மூட்டையாக வந்தவளாம்.
கலியாண வீட்டுக்குக் கலியாண வீடு
அம்மம்மா இன்னும் கொஞ்சத் தூரம் கூட நடக்கிறாள்.
போன ஆவணியில்
கனடா மச்சான் சொல்லி முடித்தபோது
கந்தளாயிலிருந்தே நடந்திருந்தாள்.

எனக்குத் தெரிந்தவள்
மத்திய வீதிக் கடையைவிட்டு
அதிகம் அசையாதவள்.
அவளுடைய தமிழ் மூன்று சொல்லில் தொடங்கியது:
திறவுங்கோ.
கடியுங்கோ.
துப்புங்கோ.
மிச்சத்தை வாங்கிலில் காத்திருந்தவர்களிடம் பொறுக்கினாள்.
அதனால் ஒரே வசனத்தில்
கிண்ணியா வாப்பாவும் கோயில் ஐயரும்
மீன் சந்தைக் கெட்ட வார்த்தையும் இருக்கும்.

வருசத்துக்கு ஒருதரம்
கொழும்புக்கு இரவு ரெயில்.
மடிக்குள் அனுமதிக் கடதாசி,
மடிப்பு கிழிந்து உள்ளே பேப்பர் ஒட்டியது.
எவ்வளவு காலம் தங்க உத்தேசம்?
ஒரு வருசம், ஐயா.
மேசைக்குப் பின்னால் ஆள் மாறினான், கண்ணாடி மாறியது,
சுவரில் படம் மாறியது.
ஒரு வருசம், ஐயா.
அப்படியே நாலு பிள்ளை.
அப்படியே கடை எரிந்து, அதே இடத்தில் தகரம் போட்டு,
சுவர் காயமுதல் பலகையைத் தொங்கவிட்டாள்.

ஊர் பாதி லொறியில் ஏறிய அன்று
வாங்கோ என்று வாசலில் நின்று கூப்பிட்டார்கள்.
கடதாசியை விரித்துத் திகதி பார்த்து
எனக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கு என்றாள்.
இதை மாமா சொல்லும்போது எல்லாரும் கைதட்டுவார்கள்.
நான் தட்டுவதில்லை.
அன்றிரவு பல்லுக் கதிரைக்குக் கீழே
அவளோடு நான்தான் படுத்திருந்தேன்.
அவளுடைய சொந்தப் பல்
விடியும்வரை கிடுகிடுத்தது.
என் காதுக்குள் அந்தச் சத்தம்தான் வளர்ந்தது.
பயந்தவளும் இருந்துவிடலாம் என்று
பிறகெவரும் எனக்குச் சொல்லவேண்டி வரவில்லை.

தட்டில் சாந்து அச்சுகள்,
வரிசையாய் வாய்கள்,
ஒவ்வொன்றின் அடியிலும் அவளுடைய எழுத்தில் ஒரு பெயர்.
ஆறு வருசம் கழித்து மூதூரிலிருந்து ஒருவன் வந்தான்.
வாப்பாவுக்கு அளவெடுத்தது, முகாமில் கஞ்சிதான் குடிக்கிறார்,
அது இனி எங்கே இருக்கப்போகிறது என்றான்.
கேட்டபடியே அவள் கதிரையில் ஏறி
மேல் தட்டில் மூன்றாவதை எடுத்துத் தூசி ஊதினாள்.
முப்பது ரூபா பாக்கி என்றாள்.
அவன் அழுதான்.
அவள் ரசீது எழுதினாள்.

பிறகு சட்டம் ஒன்று வந்தது.
எண்பத்து நாலு வயதில் பிரசை ஆனாள்.
மேசைக்குப் பின்னால் ஒரு பிள்ளை, சிரித்த முகம்,
கடதாசியை இரண்டு கையாலும் நீட்டினாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
அம்மம்மா நின்றாள். கொஞ்ச நேரம் நின்றாள்.
பிறகு தானாகவே சொன்னாள்,
ஒரு வருசம்.

பதினாலு மாதம் இருந்தாள்.
இரண்டு மாதம் களவாய் என்று
செத்தவீட்டில் மாமா சொல்ல, அழுத வாயோடு எல்லாரும் சிரித்தோம்.

இப்போது கடையில் நான்.
பல்லுக் கதிரையில் ஆட்கள் இருந்து
போனுக்குக் கண்ணாடி மாற்றுகிறார்கள்.
மேல் தட்டில் இன்னும் பதினொரு வாய் இருக்கிறது.
அடியில் இருக்கும் எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது.
யாராவது வந்து அப்பாவின் பெயரைச் சொன்னால்
எதை எடுப்பேன்?
வெள்ளிக்கிழமைகளில் தூசி மட்டும் ஊதுகிறேன்.

நேற்று கடைச் சொந்தக்காரர் வந்தார்,
கட்டடம் இடிக்கவேணுமாம்.
எப்ப பிள்ளை காலி பண்ணுவாய் என்று கேட்டுவிட்டு
என் வாயைப் பார்த்தார்.
அவருடைய மேல்வரிசை
அம்மம்மா கட்டியது.