சிவப்பு மூடி

வென்ட்வொர்த்வில் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
பல் மருத்துவருக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவே
எங்கள் கிளினிக்.
செவ்வாய் மதியம் தமிழ் நேரம்.
அன்றைக்கு ஒரே ஒருவர்.
இரத்தினேஸ்வரி, ஐம்பத்தெட்டு.
வரவேற்புப் பெண் ‘ரட்னா’ என்று வெட்டிக் கூப்பிட,
பாதிப் பேரோடு எழுந்து வந்தார்.

துண்டுப் பிரசுரத்தில் ‘கருப்பை வாய்’ என்றிருந்தது.
விரல் வைத்து வாசித்தார்.
“அதுக்கு வாயும் இருக்கே?”
இருக்கும்மா.
“பிறகேன் இவ்வளவு காலமும் ஒண்டும் கதைக்கேல்லை?”

நான் நாகர்கோவில்காரி.
எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘கீழே’.
அவர் ஊரிலும் ‘கீழே’தானாம்.
கடல் குறுக்கே கிடந்தும் ஒரே சொல்.
பதினொன்றாம் வகுப்பில் தமிழ் டீச்சர்
பழம்பாட்டில் அல்குல் வந்ததும்
அடுத்த அடிக்குத் தாவினார்.
பென்சிலால் வட்டம் போட்டு வைத்தோம்.
தேர்வுக்கு வரவில்லை.
இருபது வருடம் கழித்து
இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

படிவம்.
பிள்ளைகள்? “நாலு. ஒண்டு இல்லை.”
கடைசி மாதவிலக்கு? “நிண்டு எட்டு வருஷம். நல்லதாப் போச்சு.”
முன்பு சோதித்ததுண்டா?
“ஆம்பிளை டொக்டர் எண்டாங்கள். ஓடி வந்திட்டன்.”
இப்போது உறவில் இருக்கிறீர்களா?

இதை எப்போதும் வேகமாகக் கேட்டு
அதைவிட வேகமாக ‘இல்லை’ போடுவேன்.
கணவர் இறந்ததுதான் முதல் பக்கத்திலேயே இருக்கிறதே.
பேனா பாதிக் கோட்டில் இருந்தபோது
கைகழுவும் முறைப் படத்தைப் பார்த்தபடி சொன்னார்:
“ஓம் எண்டால் எழுதத்தான் வேணுமோ?”

பேர் வேண்டாம். டிக் மட்டும்.
“ஆற்றையும் கண்ணிலை படுமோ?”
படாது.
“என்ர மகளும் நர்ஸ்தான், பிளாக்டவுனிலை.
அவளுக்குத் தெரியாது.”

என் புருவம் ஏறியது எனக்கே தெரிந்தது.
முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று
இரண்டாம் ஆண்டில் ஒரு பாடம் உண்டு.
ஆங்கிலத்தில் நன்றாகத் தேறினேன்.
தமிழில் என் புருவம் அம்மாவுடையது.
இறக்கினேன்.
பாதிக் கோட்டை அடித்து, ‘ஆம்’ பெட்டியில் டிக்,
பக்கத்தில் சுருக்கொப்பம்.
திருத்தினால் ஒப்பமிட வேண்டும், விதி.

“காய்ஞ்சு நோகுது தங்கச்சி.
இந்த வயசிலை அப்பிடித்தானே?”
அதற்குக் களிம்பு இருக்கிறது,
டாக்டர் இன்றைக்கே எழுதித் தருவார்.
“நான் கேட்டபடியால் இருக்கோ,
கேக்காட்டிலும் இருந்ததோ?”

கேட்காவிட்டாலும் இருந்தது
என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பஞ்சுக் குச்சி, சிவப்பு மூடிக் குழாய்.
நீங்களே எடுக்கலாம், நான் பார்க்க மாட்டேன்.
இரண்டு அங்குலம் உள்ளே, இருபது வரை எண்ணிச் சுழற்றுங்கள்.
திரையை இழுத்தேன்.
செருப்பு. ஜிப். காகித விரிப்பின் மொறுமொறுப்பு.
நான் முதுகைக் காட்டி நின்றேன்.
சத்தமாக எண்ணினார்,
பதினொன்றில் நின்றார்.
எமு பிளெயின்ஸ் போகும் ரயில்
கண்ணாடி அதிரக் கடந்து போனது.
பன்னிரண்டு என்று எடுத்துக் கொடுக்க வாய் வந்தது.
மூடிக்கொண்டேன்.
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.

வெளியே வந்து
கடையில் மிச்சக்காசு நீட்டுவது போலக் குழாயை நீட்டினார்.
“நாலு பிள்ளை வந்த பாதை.
நான் இண்டைக்குத்தான் போயிருக்கிறன்.”
மாஸ்க் போட்டிருந்ததால்
சிரித்தாரா என்று தெரியவில்லை.

லேபிள் ‘இரத்தினேஸ்’ வரைதான் அச்சடித்தது.
மீதியைக் கையால் எழுதி ஒட்டினேன்.
கூரியர் நாலு மணிக்கு.

டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்
மருந்துச் சீட்டை நாலாய் மடித்து
ஓபல் அட்டை உறைக்குள் செருகினார்.
வாசலில் நின்று கேட்டார்:
“சனிக்கிழமைக்கிடையில் வேலை செய்யுமோ?”
இரண்டு வாரமாவது ஆகும்.

“அப்ப அவர் பொறுக்கட்டும்.”