இருநூற்றுப் பதினான்காம் புள்ளி

வர்க்கி சுடும் அடுப்புக்கு நேர் மேலே
எங்கள் அலுவலகம்.
கோத்தகிரியில் ஆடி மாதத்திலும்
கால் சில்லிடாத வேலை இது ஒன்றுதான் என்பாள் ஜெசிந்தா.
மடிக்கணினி இரண்டு.
என்னுடையதில் ழ விசை கழன்று விழுந்து
எட்டு மாதமாகிறது.
மழை என்று அடிக்க
பழைய கோப்பிலிருந்து ஒரு ழ-வை நகலெடுத்து வர வேண்டும்.
அவசரத்தில்,
அரவேணு, மலை, நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்
என்றே பலமுறை பதிவாகியிருக்கிறது.

அரசாங்கக் கணக்கும் இணையத்தில் உண்டு.
யாரோ கோணலாய்ப் படம்பிடித்த தாள்,
ஓரத்தில் கட்டைவிரல்.
அதை எண்ணெண்ணாய் அட்டவணையில் ஏற்றுவோம்.
ஆனால் தாலுகாவுக்கு ஒரு மானி.
மேகம் தாலுகா எல்லை பார்த்துப் பெய்வதில்லை.
ஆகவே முப்பத்தோரு வேலிகளில்
முப்பத்தோரு பிளாஸ்டிக் குழாய்கள்.

காலை எட்டரைக்கு முன்
எஸ்டேட் லயத்திலிருந்து தவமணியின் குரல் வரும்:
"அறுபத்தெட்டு. நாய் தட்டிவிட்டுடுச்சு,
கொஞ்சம் கூடவே இருக்கும்."
அறுபத்தெட்டு என்று போட்டு
குறிப்புக் கட்டத்தில் 'நாய்' என்று எழுதுவேன்.
அந்த அட்டவணையை உலகில் யாரும் இறக்கிக்கொள்ளலாம்,
நாயோடு சேர்த்து.

ஐப்பசியில் ஓர் இரவு
மூன்று நாள் கூட்டுத்தொகை சிவப்பைத் தொட்டது.
ஜெசிந்தா ஒவ்வொரு எண்ணாய் அழைத்தாள்.
பதினொரு குடும்பம் பாய் தலையணையோடு
மாதா கோயிலுக்குள் போய்ப் படுத்தது.
மண் சரியவில்லை.
தவமணியின் வீட்டுக்காரர் ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை:
காலியான வீட்டில் கோழி இரண்டை
மரநாய் கொண்டுபோயிற்று.
எதுவும் நடக்காத இரவுக்கு
நன்கொடையாளர் படிவத்தில் கட்டம் கிடையாது.

ஊற்றுகளின் வரைபடம் அதற்குப் பின் வந்தது.
இருநூற்றுப் பதின்மூன்றை நாங்களே தேடினோம்.
அடுத்ததை நஞ்சி காட்டினாள்.
பள்ளியில் சத்துணவு சமைக்கிறவள்,
என் வயதுதான்.
சோற்றை இறக்கிவிட்டுக் கூட்டிப்போனாள்.
நாவல் மரத்துக்குப் பின்னே, பெரணிக்கு அடியில்,
ஒரு கையகல ஈரம்.
"சித்திரையிலயும் நிக்காது" என்றாள்.
நான் செல்போனை நீட்டிப் பிடித்தேன்.
அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஐந்து தசமத்துக்கு வந்தன.
ஐந்து தசமம் என்றால்
ஒரு குடம் வைக்கும் இடம்.
இதைப் போடலாமா என்று
அவளிடம் கேட்கத் தோன்றவில்லை.

அந்த வரைபடத்தைப் பார்த்து ஓர் ஊராட்சி குழாய் போட்டது.
ஒரு கல்லூரிப் பெண் பட்டம் வாங்கினாள்.
பங்குனியில் ஒரு விடுதி
பச்சை ஹோஸும் மோட்டாரும் கொண்டுவந்தது.
மேலாளர் மரியாதையானவர்:
"உங்க மேப்லதான் பாத்தோம் மேடம்,
ரொம்ப உபயோகம்."

நஞ்சி படியேறி வந்தபோது
கீழே வர்க்கி வெந்த வாசனை.
திட்டவில்லை. நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன் போட்டாள்.
"அழிச்சா போயிருமா?"
புள்ளி போய்விடும், சரித்திரம் நிற்கும் என்றேன்;
யார் வைத்தது, எந்த நாள்,
யார் எடுத்தது, எத்தனை மணிக்கு.
"அப்ப உம் பேரு இருக்கும்."
இருக்கும்.
"சரி. அழி."

அழிக்கும் முன் பெட்டி ஒன்று காரணம் கேட்டது.
மழையிலிருந்து ழ-வை நகலெடுத்து
பிழை என்று ஒட்டினேன்.

மோட்டார் இன்னும் ஓடுகிறது.
அதை நிறுத்தக் கோரும் மனுவில்
இடத்தைத் துல்லியமாகக் குறிப்பிடவும் என்கிறார்கள்.
என் நோட்டில் அந்த ஐந்து தசமங்கள் இருக்கின்றன.
இந்த முறை
சத்துணவு முடிந்து நஞ்சி வரட்டும் என்று
அந்த ஒரு வரியை மட்டும்
காலியாக விட்டுவைத்திருக்கிறேன்.