ஒன்பதாவது கட்டை

விற்றவர் ஒரு பக்கம், வாங்கியவர் ஒரு பக்கம்.
நடுவில், கௌனஸ் நகரத்தின் நாலாவது மாடியில்,
ஹெட்போன் மாட்டிய நான்.

இந்த வாரம் மட்டும்:
பனிச்சறுக்குக் காலணி ஒரு ஜோடி, இரண்டுமே இடதுகால்.
'படுக்கவே இல்லை' என்று விற்ற மெத்தையில்
யாரோ ஒருவர் உடம்பளவுக்குப் பள்ளம்.
'லேசான கீறல்' என்றால்
எத்தனை சென்டிமீட்டர் வரை லேசு என்று
ஒரு சாப்பாட்டு மேசைக்குப் பன்னிரண்டு கடிதம்.

தானம் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
காசு கொடுத்த மாட்டைப் பார்க்கலாம்.
படத்தில் நிற்கிற மாடு
வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

பிறகு இது வந்தது.
கிளைப்பெடாவில் நியோலே விற்ற அக்கார்டியன்.
சிவப்பு. நூற்றெண்பது யூரோ.
'நன்றாகப் பாடும்.'
வாங்கியவன் ஷௌலேயில் பஸ் ஓட்டும் ஜித்ரூனஸ்.

'வலப்பக்கம் ஒன்பதாவது கட்டை ஊமை.'
'என் வீட்டைவிட்டுப் போகும்போது ஊமையில்லை.'
'அப்படியானால் வழியில் செத்ததா?'
'உங்கள் ஊர்ப் பார்சல் பெட்டகத்தில்
இரண்டு ராத்திரி, மைனஸ் பதினெட்டில்
யார் கிடக்கவிட்டது?
நீங்கள் போய்க் கிடந்து பாருங்கள்,
பாட்டு வருகிறதா என்று.'

நான் சிரித்தேன்.
சிரிப்பதற்கு விதிமுறையில் இடமில்லை.

அவன் அனுப்பிய சாட்சி ஏழு நொடி.
கட்டைகளை வரிசையாக அழுத்துகிறான்.
எட்டுக் குரல், அப்புறம்
துருத்தியின் காற்று மட்டும்: உஸ்.

அவள் அனுப்பியது ஒரு கல்யாண வீடியோ.
வேர்த்த சட்டையில் அவள் கணவன் வாசிக்கிறான்,
நாற்காலிகளை ஓரம் தள்ளி ஆடுகிறார்கள்,
ஒரு பையன் கேக்கோடு விழுகிறான்.
நாலு நிமிடம், ஒரு பிசிறில்லை.
'இதுவா ஊமை?' என்று கேட்டிருந்தாள்.

காப்பி ஆறியது. திரும்பப் போட்டேன்.
பதினோராவது தடவைதான் விரலைப் பார்த்தேன்.
எட்டு வரை ஏறி, பத்துக்குத் தாவுகிறது;
இருட்டில் தன் தெருப் பள்ளத்தை
யோசிக்காமல் தாண்டுகிறவன் மாதிரி.
இறங்கும்போதும் அப்படியே.
அந்த ஒரு சுரத்தைத் தொடாத பாட்டாகத்
தேடிப் பிடித்திருக்கிறான்,
கிடைக்காத இடத்தில் பாட்டையே வளைத்திருக்கிறான்.
ஆடியவர்களுக்குத் தெரியாது.
இருபத்திரண்டு வருஷம் பக்கத்து அறையில்
உருளைக்கிழங்கு உரித்தவளுக்கும் தெரியாது.

அவன் இப்போது நார்வேயில் மீன் வெட்டுகிறானாம்.
வேறு யாரோடோ இருக்கிறானாம்.
எழுதிக் கேட்டேன்.
ஒரே வரியில் பதில்:
'அது எப்போதும் ஊமைதான். அவளிடம் சொன்னதில்லையா நான்?'

என் படிவத்தில் இரண்டு கட்டம்.
பொருள் விளம்பரத்தில் சொன்னபடி உள்ளது.
பொருள் விளம்பரத்தில் சொன்னபடி இல்லை.
அவள் பொய் சொல்லவில்லை.
அவனும் சொல்லவில்லை.
மூன்றாவது கட்டம் கேட்டு
மேலதிகாரிக்கு எழுதும் வயது எனக்குத் தாண்டிவிட்டது.

அறுபது யூரோ திருப்பித் தரவும் என்று தீர்த்தேன்.
காரணம் என்ற இடத்தில்
'பழுது, முன்பே இருந்தது' என்று மட்டும் போட்டேன்.
விரலைப் பற்றி எழுதவில்லை.
இருவரும் எனக்கு ஆளுக்கொரு நட்சத்திரம் போட்டார்கள்.
நியோலே மட்டும் மறுநாள் ஒரு வரி கேட்டாள்:
'முன்பே என்றால், எப்போதிலிருந்து?'
மூடிய கோப்புக்குப் பதில் அனுப்ப
எங்களுக்கு அனுமதி கிடையாது.

ஏப்ரலில் பனி உருகிய ஒரு திங்கட்கிழமை
புதிய விளம்பரம், ஷௌலேயிலிருந்து.
அக்கார்டியன். சிவப்பு. இருநூற்றுப் பத்து யூரோ.
படத்தில் வலப்பக்கம் கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்தது.
'நன்றாகப் பாடும்.'

கேட்டிலில் தண்ணீர் வைத்தேன்.