அளவு நோட்டில் ஒரு மான்

பகாவ் பட்டணம், ரூபி தையல் கடை, பின்கட்டு.
துணி வெட்டும் மேசையில் பிளாஸ்டிக் விரித்து
அதன்மேல் கிடத்தியிருக்கிறேன்,
உள்பக்கம் மேலே.

துணியென்றால் எனக்கு
இருட்டிலும் தெரியும்
உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது.
இது நீலம் கலந்த வெள்ளை.
விரல் வைத்த இடத்தில் விரல் ஒட்டுகிறது.

தங்கச்சி புருஷன் வேலை செய்யும் மான் பண்ணையில்
நேற்றிரவு இடி.
மிரண்டு ஓடிய புள்ளிமான்
கம்பிவேலியில் கழுத்தை முறித்துக்கொண்டது.
இறைச்சி முதலாளி வீட்டுக்கு.
தோலும் தலையும் "அக்கா கேட்டீங்களே" என்று
பண்ணைச் சீட்டோடு
உரச்சாக்கில் மோட்டாரேறி வந்தன.
கேட்டேன்தான்.
கேட்டபோது அது வேலிக்குள்
நடந்துகொண்டிருந்தது.

கைப்பேசிக்குள் ஓர் ஆள்.
பனி பெய்யும் நாட்டுக் கொட்டகையில் நின்று
சுலபமாகச் சொல்கிறான்:
கொழுப்பை வழி, சதையை வழி,
எடைக்கு எடை உப்புப் போடு,
ஒரு நாள் விடு, உதறு, மறுபடி போடு.
அவன் ஊரில் உப்பு உப்பாகவே இருக்கிறது.
இங்கே ஆலைப் புகையும் நாலு மணி மழையும் கலந்த காற்றில்
உப்புக்கே வியர்க்கிறது.

ஆ சியோங் கடையில் பத்துக் கிலோ தூளுப்பு.
"கருவாடு போடப் போறியா?"
ஆமாம் என்றேன்.
என்ன மீன் என்று கேட்டான்.
மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வழிக்கும்போது கத்தி வழுக்கி
தோள்பட்டையில் ஓட்டை,
ஐம்பது காசு அகலம்.
அந்த ஓர் இடத்தில்தான் எனக்குப் பயமில்லை.
நூலுக்கு மெழுகு தடவி,
பூப்போட்ட துணியில் பூவோடு பூ சேர்ப்பது மாதிரி
புள்ளியோடு புள்ளி சேர்த்துத் தைத்தேன்.
திருப்பிப் பார்த்தேன்.
தையல் எங்கே என்று நானே தேடினேன்.

காதும் நன்றாக வந்தது.
காலர் முனையைக் குத்திப் புரட்டுவேனே
மீ சாப்பிடும் குச்சி, அதே குச்சி.
குருத்தெலும்பை விட்டுத் தோல்
நூல் நூலாகக் கழன்று
கேட்காத பக்கத்தைக் காட்டியது.

இமைதான் முடியவில்லை.
கீழ் இமையில் ஐந்தாறு நீள மயிர்.
கத்தியை வைத்துவிட்டு
கை கழுவி, தே ஓ குடித்து,
மறுபடி வந்தேன்.
மறுபடி போய்க் கை கழுவினேன்.

அப்போதுதான் முன்கடையில் மணி.
கீர்த்தனாஸ்ரீயின் கல்யாண ரவிக்கை.
முதுகு முழுக்கக் கல் வேலை, காலையில் வேண்டுமாம்.
கழுத்துக்கு மட்டும் இன்னும் உப்புப் போடவில்லை;
ஒரு மணி நேரம்தானே என்று போனவள்
விடிகாலை மூன்றுக்குத் திரும்பினேன்.
கட்டைவிரலால் லேசாக இழுத்தேன்.
பழைய வெல்வெட் கொட்டுவது போல
ஒரு பிடி மயிர்
கையோடு வந்துவிட்டது.

அதன் பிறகு போட்ட உப்பையெல்லாம்
கோபத்தில்தான் போட்டேன்.

வேலியோரம் குணவதி மூக்கைப் பொத்திக்கொண்டு:
"வெள்ளிக்கிழமையும் அதுவுமா!
வள்ளியைப் பெத்த இனம்டீ அது."
பெற்றது சரி,
பெற்றுக் கிழங்குக் குழியில் போட்டுவிட்டுப் போனதும்
அதே இனம்தானே என்று
வாய்வரை வந்தது.
அவளுடைய இரண்டு சேலைக்கு ஓரம் அடிக்க வேண்டியிருக்கிறது.
சாம்பிராணி போடுகிறேன் என்றேன்.

வழுக்கைக் கழுத்தைச்
சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டிக்கொள்ளலாம்.
உள்ளே வைக்கும் பொம்மைத் தலைக்கு
கோலாலம்பூர்க்காரன் அளவு கேட்கிறான்.
நாடாவை எடுத்தேன்.
கீர்த்தனாஸ்ரீக்கு அடுத்த பக்கம்:
கண் முனை முதல் மூக்கு நுனி, ஐந்தேமுக்கால்.
கழுத்துச் சுற்று, பதினாலரை.
பெயர் என்ற இடத்தில் மான் என்று எழுதினேன்.
முன்பணம், ஒரு கோடு.
வாங்கிக்கொள்ளும் நாள்
என்ற கட்டத்தில் பேனா நின்றபோது

தகரத்தில் முதல் துளிகள்.
எழுந்து ஓடினேன்.
மிச்ச உப்பு மூட்டை
வாசலில் வாய் திறந்து கிடக்கிறது.