முழங்கை ஆழம்

அந்த ஞாயிறு காலை ஆறரைக்கு
ஏழாம் வார்டில் குளுக்கோஸ் பாட்டில்கள் தாமாக ஆடின.
மணல் லாரி போகிறது என்று நினைத்தேன்.
வேலூரில் எது ஆடினாலும் மணல் லாரிதான்.
நைட் டியூட்டி முடிந்து கையெழுத்துப் போட்டேன்.
தோட்டப்பாளையத்தில் நாலு இட்லி.
வடகறி தீர்ந்துபோச்சு என்றதற்குக் கடைக்காரரோடு சண்டை.
குளித்துப் படுக்கும்போது ஒன்பது இருக்கும்.
நடுவில் கிடந்த அந்த இரண்டரை மணி நேரமும்
தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

தேசப்பன் வந்தது பத்து நாள் கழித்து,
கடலூர்ப் பக்கமிருந்து, ஆக்சிஜன் சிலிண்டரோடு.
எக்ஸ்ரேயில் வலது நுரையீரல்
வெள்ளையடித்த சுவர்.
குழாய் விட்டு உறிஞ்சுவது என் வேலை.
முதல் நாள் கறுப்புச் சேறு.
மறுநாளும் சேறு.
மூன்றாம் நாள் ஜாடியின் அடியில்
ஒரு சிட்டிகை மணல், விளக்கில் மினுங்கியது.
கொட்டிவிட வேண்டும் என்பது விதி.
கொட்டினேன்.

தொண்டைக் குழாய் எடுத்ததும் கேட்டார்:
"இங்கேர்ந்து கடல் எவ்ளோ தூரம்?"
"நூத்தி இருவது, முப்பது கிலோமீட்டர்."
கண்ணை மூடிக் கணக்குப் போட்டார்.
"நடுவுல மலை இருக்கா?"
"இருக்கு. ஊரச் சுத்தி. மொட்டைப் பாறை."
அன்றிரவுதான் தூங்கினார்.

ஏன் வந்தது என்று எல்லோரையும் கேட்டார்.
பக்கத்துக் கட்டில் ஆம்பூர்க்காரர்
"பாவம் ஜாஸ்தியாயிட்சி" என்றார்.
பயிற்சி டாக்டர் மருந்துச் சீட்டின் பின்னால்
இரண்டு கோடு கிழித்து,
கடலுக்கடியில் ஒன்று இன்னொன்றின் கீழே போகிறது,
வருஷத்துக்கு நகம் வளருகிற அளவு, என்றார்.
தேசப்பன் தன் நகத்தைத் திருப்பிப் பார்த்தார்.
இடுக்கில் இன்னும் அழுக்கு இருந்தது.
"இத்தனூண்டு நகத்துக்கா?"

எனக்கும் சொல்லத் தெரியவில்லை.
மாத்திரை எடுக்க
அவர் கட்டிலோர அலமாரியின் டிராயரை இழுத்தேன்.
துரு. அசையவில்லை.
காலை ஊன்றி இழுத்தேன்.
தகரம் வளைந்து கொடுத்ததே தவிர
டிராயர் வரவில்லை, வரவில்லை,
பிறகு மொத்தமாக வந்தது.
மேலே வைத்திருந்த சொம்பு கவிழ்ந்து
தண்ணீர் தரையோடு ஓடி
வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த ஜெபமாலையின்
பாதத்தை நனைத்தது.
அவள் திட்டினாள்.
டிராயர் சங்கதி அவளுக்கு எப்படித் தெரியும்?
தேசப்பன் இரண்டு காலையும் கட்டில்மேல் இழுத்துக்கொண்டார்.
"இதானா?"
"இதான்."
"இழுத்தது யாரு?"
"அங்க யாரும் இல்லண்ணே."
அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.
ஒருவன் இருந்திருந்தால்
ஒரு வார்த்தை கேட்டிருப்பார்.

நிவாரண பாரம் வந்தது.
தில்லையம்மா, மனைவி, என்று எழுதி
இறப்பு, காணவில்லை,
இரண்டில் எதை அடிப்பது என்று
பேனாவை என்னிடம் நீட்டினார்.
மூடியைத் திருகி
அவர் சட்டைப் பையில் செருகினேன்.

டிஸ்சார்ஜ் அன்று ஆற்றைப் பார்க்கணும் என்றார்.
காட்பாடிப் பாலத்தடியில் இறங்கினோம்.
அந்தக் கரைவரைக்கும் மணல்,
முள்செடி, யாரோ காயப்போட்ட போர்வைகள்.
"தண்ணி?"
"கீழ இருக்கு. தோண்டினா வரும்."
நம்பாமல் உட்கார்ந்து கையால் தோண்டினார்.
மணிக்கட்டு ஆழத்தில் ஈரம்.
முழங்கை ஆழத்தில் கலங்கலாக ஊறி
தண்ணீர் தானாக ஏறத் தொடங்கியது.
கையைச் சட்டென்று உருவிக்கொண்டு
நாலடி பின்னால் போய் நின்றார்.

"இது நிக்குமா?"
"நிக்கும்."
"எங்க?"
விரலால் காட்டினேன்.
அதுவரை ஏறியது.
அங்கே நின்றது.
அப்புறமும் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பாலத்தின் மேல் ஒரு லாரி போனது,
குழியில் வளையம் வளையமாக நடுங்கி அடங்கியது.

கிளம்புகையில் இரண்டு கையாலும் மணலைத் தள்ளிக்
குழியை மூடித் தட்டினார்.
வெயிலில் ஒரு மாடு குடித்திருக்கும்.
நான் சொல்லவில்லை.
ஒன்றே முக்காலுக்கு அவருக்கு பஸ்.